‘வரை’ என்ற ஒரு சொல்

“விளம்பரத்திலுள்ள ‘அறுபதாயிரம் வரை’ என்பதில் ‘வரை’யைக் கவனியுங்கள்” என்று நேர்காணலுக்கு வந்திருந்த பொற்கொடியின் காதுக்குள் உரைகல் சொன்னது. “இங்கே இதே வேலைக்கு ஆண்களுக்குச் சம்பளம் நாற்பத்திரண்டாயிரம். பெண்களுக்கு முப்பத்தைந்து.”

கடுகளவுக் கருவிதான். அதை அணிந்த ஒவ்வொருவரும் பெயர் சொல்லாமல் தம் சம்பளத்தை அதனிடம் சொல்லிவைப்பார்கள். நிறுவனங்களும் பணிப்பதிவுகளைக் கொடுத்திருந்தன. எந்த வேலைக் கடிதத்தைக் காட்டினாலும் அது உரசிப் பார்த்துவிடும். எட்டு மாதத்தில் பதினொரு போலி வேலைகளிலிருந்து பொற்கொடியைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் ஓசூரின் இந்தப் பறவைவண்டிப் பணிமனை போலி இல்லை. பறக்கும் சரக்கு வண்டிகளைப் பழுதுபார்ப்பது அவளுக்கு உயிர். வேலையும் வேண்டும், ஏமாறவும் கூடாது.

“சார், பொம்பளைங்களுக்கு ஏன் ஏழாயிரம் கம்மி?” என்று கேட்டே விட்டாள்.

மேலாளர் அருள்தாஸ் தன் காதைத் தொட்டுக் காட்டினார். “எங்கிட்டயும் ஒண்ணு இருக்கும்மா. எட்டு வருஷ அனுபவம்னு போட்டிருக்கீங்க. ஆறுதான்னு சொல்லுது.”

அவள் முகம் சிவந்தது. ஒரு கணம் இருவரும் மேசையையே பார்த்தார்கள். பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

“ஆறுதான் சார். ஆனா இறக்கைப் பழுதை சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவேன்.”

அவர் காதிலிருந்த உரைகல் அதை மறுக்கவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நாப்பத்தெட்டு வரைக்கும் எனக்கு அனுமதி இருக்கு. தர்றேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள இது எல்லார் காதுக்கும் போயிடும். மத்தவங்களுக்கும் ஏத்தியாகணும்!”

“ஏத்துங்க சார், நல்லதுதானே! ஆமா, உங்க சம்பளத்த என்னிக்காவது கேட்டுப் பாத்தீங்களா?”

“என்னுதா? நான் மேலாளரும்மா. இத ஆள் எடுக்கறதுக்குத்தான் வெச்சிருக்கேன்.”

“சும்மா கேளுங்களேன்.”

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்கக் கேட்கச் சிரிப்பு நின்றது. புருவம் ஏறியது. மெல்ல எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா” என்றார். “நான் கொஞ்சம் மேல்மாடி வரைக்கும் போயிட்டு வர்றேன். முதலாளிகிட்ட ஒண்ணு கேக்கணும்.”