பன்னிரண்டாம் வீட்டுச் சுவர்

காலையில் பத்தடி இருந்த அறை, இப்போது ஒன்பதரை அடிதான் இருந்தது.

டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தாள். அதே ஒன்பதரை. இடிக்கப்போகிற களிமண் கம்பெனிக் குடியிருப்பை வரைபடமாக்க வந்த இன்ஜினியர் அவள். பத்து வருட வேலையில் அரை அடி பிசகியதில்லை. ஒன்றையொன்று ஒட்டிய முப்பது வீடுகள், ஒன்றுக்கும் ஜன்னல் கிடையாது, வீட்டுக்கு ஒரே கதவு. சூளையில் வெந்த செங்கல் எல்லாம் விற்பனைக்குப் போக, மண் வெட்டியவர்கள் குடியிருக்கப் பச்சை மண்ணே போதும் என்று கம்பெனி தாராள மனசோடு எழுப்பிய சுவர்கள்.

கதவுப் பக்கச் சுவரெங்கும் கைத்தடங்கள். பூசியவர்களின் கை என்றுதான் காலையில் நினைத்தாள். டார்ச்சை நெருக்கிப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். ஒரு தடம்கூடக் குழிந்திருக்கவில்லை. எல்லாம் உள்பக்கமாகப் புடைத்திருந்தன. நனைந்த மண்ணின் வாடை தொண்டைவரை இறங்கியது.

வாட்ச்சில் மூன்றரை. நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். காலையில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டு அழுத மகளுக்குப் பெரிதாகக் கட்டுப் போட்டுவிட்டு, "இன்னிக்கு அம்மா லேட் பண்ண மாட்டேன், சத்தியமா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

காற்றில் சாத்திக்கொண்ட கதவை இழுத்தாள். அசையவில்லை.

"மேஸ்திரி! கதவு மாட்டிக்கிச்சு, தள்ளுங்க!"

உதவிக்குக் கூட வந்திருந்த அவர் வெளியே சிரிப்பது கேட்டது. "பயப்படாதீங்கம்மா. நாலு விரல் கைன்னு கிண்டல் பண்ணுவீங்களே, இப்ப பாருங்க அதோட பலத்தை!"

தோளால் முட்டினார். கதவு முனகியது. பிறகு கடப்பாறைச் சத்தம். பிறகு அவர் குரல், எங்கோ கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல, "அம்மா... இருக்கீங்களா?"

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. டேப்பை நீட்டினாள். ஏழடி. கத்தினாள், அழுதாள், கத்தினாள். வாட்ச்சைப் பார்த்தாள். இன்னும் மூன்றரை.

மறுபடி அளந்தாள். மூன்றடி.

முகத்துக்கு நேரே சுவர் உப்பியது. ஓர் உள்ளங்கை. விரல்கள். நாலு.

வெளியிலிருந்து தள்ளுகிறார். அப்படியானால் இத்தனை கைகளும்? உள்ளே இருந்தவர்களுடையவை அல்ல. தேடி வந்தவர்களுடையவை.

தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். சூடு இருந்தது. குறைந்தது. கல்லாயிற்று.

பின்சுவர் முதுகைத் தொட்டது.

கீழே, இடுப்பு உயரத்தில், மண் மெல்ல அசைந்தது. சின்னக் கை. கட்டைவிரல் மட்டும் தடித்து. கட்டுப் போட்டது.