அசையாத வெளிச்சம்

தெரணியகலையில் நட்சத்திரம் தேடும் கழகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஊரே சிரித்தது.

எங்கள் பக்கத்து மழை அப்படி. காலையில் வெயில் அடித்தாலும் பின்னேரம் கொட்டித் தீர்த்துவிடும். இரவில் அண்ணாந்து பார்த்தால் மேகம்தான் தெரியும்.

"மேகம் எண்ணுற கழகம்னு பேரை மாத்துங்க!" என்று பள்ளிக்கூட வாசலில் வடை விற்கும் இருளப்பன் மாமா தினமும் கேலி செய்வார்.

ஆனால் இந்தக் கழகத்துக்கு எங்கள் ஊர் வானம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தின் கணினி அறை போதும்.

எங்கோ தூரத்து நாட்டில், மழையே பெய்யாத மலையுச்சியில், ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அது ஒவ்வோர் இரவும் வானத்தைப் படம் பிடிக்கிறது. சில நாள் கழித்து அதே இடத்தை மறுபடியும் பிடிக்கிறது. பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி புதிய படத்தில் தெரிந்தால், அது சூப்பர்நோவாவாக இருக்கலாம். அதாவது, வெடித்துச் சிதறும் நட்சத்திரம். அந்த ஒரு வெடிப்பு கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சத்தைத் தரும். பிறகு சில வாரங்களில் மங்கிப் போய்விடும்.

புதுப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் வரும். பெரும்பாலானவை போலி. கமராவின் கோளாறாக இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது குப்பையாக இருக்கும். அதனால்தான் அந்தத் தொலைநோக்கியின் விஞ்ஞானிகள் பல நாட்டுப் பிள்ளைகளிடம் உதவி கேட்டிருந்தார்கள். படங்களைப் பார்த்து 'உண்மை' அல்லது 'போலி' என்று அழுத்த வேண்டும். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டுப் போலத்தான்.

ஏழாம் ஆண்டில் படிக்கும் ஷாமிளா அதில் கெட்டிக்காரி. அவளுடைய வகுப்பு இக்ராமும் கெட்டிக்காரன்தான். அதை அவனே எல்லாரிடமும் சொல்லிவிடுவான்.

அந்த வாரம் இக்ராம் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தான். படத்தின் நடுவில் பளிச்சென்று இருந்தது.

"சேர், இது நிச்சயம் சூப்பர்நோவா!" என்று கத்தினான்.

கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் இந்திரகுமார் சேருக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் எச்சரித்தார். "ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் தந்திருக்காங்க. வியாழக்கிழமை மூணு மணிக்குள்ள ஒரு புள்ளிய அனுப்பணும். அதை இன்னொரு பெரிய தொலைநோக்கியில பார்த்து, அதோட வெளிச்சத்தை வானவில் மாதிரி பிரிப்பாங்க. அதுக்குப் பேரு நிறமாலை. அப்பத்தான் அது என்ன வகைன்னு உறுதியாச் சொல்ல முடியும்."

"எங்கட வாப்பா கல்லுப் பார்க்கிற மாதிரி!" என்றான் இக்ராம். அவனுடைய தந்தை நுஹ்மான், பஸாரில் மாணிக்கக் கல் வியாபாரி. "வாப்பாகிட்ட சின்னக் குழாய் ஒண்டு இருக்கு சேர். அதுக்குள்ள கல்லோட வெளிச்சம் நிறம் நிறமா விரியும். நடுவுல கறுப்புக் கோடு எங்க விழுதுன்னு பார்த்தே என்ன கல்லுன்னு சொல்லுவாரு!"

அன்று மாலையே நுஹ்மான் பேக்கரிக்குப் போய்ப் பெரிய கேக் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். அதன் மேல் நீல எழுத்தில் 'இக்ராமின் நட்சத்திரம்' என்று எழுதச் சொன்னார்.

வியாழக்கிழமை விடியும் முன்பே ஷாமிளாவின் அம்மா மல்லிகா தலையில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். மழை இல்லாத காலையில்தான் ரப்பர் பால் வெட்ட முடியும்.

"தேத்தண்ணி போட்டு வச்சிருக்கேன். தம்பியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கினார்.

ஷாமிளாவும் தம்பி சசியும் லயத்தின் வரிசை வீட்டு வாசலில் நின்றார்கள். எதிர் மலையில் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. இது சசிக்குப் பிடித்த விளையாட்டு.

"அக்கா, அது வீடா, ஆளா?"

"நீயே சொல்லு."

சசி ஒரு வெளிச்சத்தையே உற்றுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அது ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மெல்ல நகர்ந்தது.

"நகருது! அப்ப அது ஆளு. பால் வெட்டுறாங்க" என்று துள்ளினான். "அந்தா, அது அசையவே இல்ல. அது வீடு!"

ஷாமிளா சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஒரே ஒரு தடவை பார்த்தால் வீடும் ஆளும் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டாவது தடவை பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்!

தொலைநோக்கியும் ஒரே இரவில் அரை மணி நேரம் விட்டு இரண்டு படம் பிடிக்கிறது. முதல் நாளே சேர் சொல்லியிருந்தார். ஆனால் 'இரண்டாம் படம்' என்ற பொத்தானைக் கழகத்தில் யாரும் தொட்டதே இல்லை. பள்ளிக்கூட இணையம் அவ்வளவு மெதுவு. ஒரு படம் வருவதற்குள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்துவிடலாம்.

ஷாமிளா அன்று மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கு ஓடினாள். சேரிடம் சாவி வாங்கி, இக்ராமின் புள்ளியைத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

படம் மெல்ல மெல்ல வந்தது. புள்ளி இருந்தது. ஆனால் இடம் மாறி, ஓரமாய்ப் போயிருந்தது.

நட்சத்திரம் இப்படி ஓடாது. இது சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோள். சொன்னால் எல்லாரும் இக்ராமைப் பார்த்துச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் பள்ளியின் ஒரே வாய்ப்பும் வீணாகிவிடும்.

அவள் சேரிடம் போகவில்லை. இக்ராமைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உனக்குப் பொறாமை!" என்றான் அவன் முதலில்.

"ரெண்டு படத்தையும் பாரு. அப்புறம் திட்டு."

பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன.

"கேக்குல பேரெல்லாம் எழுதியாச்சு" என்றான் அழுகிற குரலில்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீயே சேர்கிட்ட சொல்லு. நீயே கண்டுபிடிச்சதாச் சொல்லு, பரவாயில்ல. இன்னும் நேரம் இருக்கு. வேற ஒண்ணு தேடலாம்."

இக்ராம் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே சேரிடம் போனான். கழகத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"சேர், என்னோட புள்ளி ஓடிட்டுது. அது நட்சத்திரம் இல்ல. கண்டுபிடிச்சது ஷாமிளா" என்றான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். சேர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அனுப்புறதுக்கு முன்னாடியே பார்த்தீங்களே, அதுவே பெரிய வேலை" என்றார் சேர். "இப்ப என்ன செய்யலாம்?"

"போலின்னு தள்ளினதையெல்லாம் திரும்பப் பார்ப்போம் சேர். இந்தத் தடவை ரெண்டு படத்தையும் பார்ப்போம்" என்றாள் ஷாமிளா.

பள்ளி விட்டதும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாய்ப்பாடு ஓடியது. சில புள்ளிகள் நகர்ந்தன. சில இரண்டாம் படத்தில் காணாமலே போயின. வெளியே வானம் கறுத்தது.

"இதப் பாருங்க!" என்றான் இக்ராம்.

பஞ்சு போல மங்கலாகத் தெரிந்த ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு புள்ளி. முதல் படத்திலும் இருந்தது, இரண்டாம் படத்திலும் அதே இடத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் பிரகாசமாக இருந்தது.

"இதை யாரு போலின்னு தள்ளினது?" என்று கேட்டார் சேர்.

ஷாமிளா மெதுவாகக் கையை உயர்த்தினாள். "நான்தான் சேர். அழுக்குன்னு நினைச்சேன்."

இப்போது இக்ராமே முதலில் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. மின்சாரம் போய், இணையமும் போயிற்று. மூன்று மணிக்கு இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன.

"என் போன்ல அனுப்பலாம். ஆனா ஜன்னலுக்கு வெளிய நீட்டினாத்தான் சிக்னல் வரும்" என்றார் சேர்.

ஷாமிளா தாளில் குறித்து வைத்திருந்த விவரங்களைப் போனில் நிரப்பினாள். இக்ராம் ஜன்னலில் ஏறி, ஒரு கையில் குடையும் மறுகையில் போனுமாய் மழைக்குள் நீட்டினான். போன் நனையவில்லை. இக்ராம் தெப்பமாய் நனைந்தான்.

"போயிட்டுது!" என்று அவன் கத்தியது வாசலில் நின்ற இருளப்பன் மாமாவுக்கும் கேட்டது.

அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. எழுதியிருந்தவர் அந்தத் தொலைநோக்கித் திட்டத்தின் விஞ்ஞானி, கலாநிதி ஹிமாயா. சேர் கணினியில் அந்த மின்னஞ்சலைத் திறந்தபோது கழகமே அவருடைய முதுகில் சாய்ந்து நின்றது. உள்ளே ஏறி இறங்கும் ஒரு கோடு வரைந்திருந்தது. அதுதான் அந்தப் புள்ளியின் நிறமாலை.

இக்ராம் திரையில் விரலை வைத்தான். "இந்தா, இந்த இடத்துல பெரிய பள்ளம்! வாப்பாட கறுப்புக் கோடு மாதிரி."

சேர் வாசித்தார். "'அந்தப் பள்ளம் சிலிக்கனின் அடையாளம். ஐதரசனின் அடையாளம் எங்குமே இல்லை. ஆகவே இது ஒன்று-ஏ வகைச் சூப்பர்நோவா. இதன் ஒளி உங்களிடம் வந்து சேர ஏறத்தாழ அறுபது கோடி ஆண்டுகள் எடுத்திருக்கிறது. உங்களுக்கு முன் இதை யாரும் அறிவிக்கவில்லை. வாழ்த்துகள்!'"

அதற்குப் பிறகு சேர் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. மேசையில் தட்டினார்கள், குதித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். அதிபரே வந்து எட்டிப் பார்த்தார். திட்டத்தான் வந்திருந்தார், விஷயம் தெரிந்ததும் அவரும் கை தட்டினார்.

புது நட்சத்திரத்துக்கு ஆண்டும் நாலு எழுத்தும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். "வேன் நம்பர் மாதிரி இருக்கே!" என்று மட்டும் இக்ராம் குறைப்பட்டான்.

பள்ளி விடும் நேரத்தில், செய்தி கேட்டு நுஹ்மான் கேக்குடன் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் குளிர்ப்பெட்டியில் இருந்த கேக் அது. இக்ராமின் தம்பிமார் ஒரு பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டார்கள். 'நட்சத்திரம்' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"இதுதான் சரி. முதல் துண்டு ஷாமிளாவுக்கு" என்றான் இக்ராம்.

இரண்டாவது துண்டை அவன் இருளப்பன் மாமாவுக்கு ஓடிப் போய்க் கொடுத்தான். மாமா அன்று மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷாமிளா தன் துண்டில் பாதியைத் தாளில் சுற்றி லயத்துக்குக் கொண்டு போனாள். அம்மா அவளை இழுத்து அணைத்து, "என் புள்ள வானத்துல புது நட்சத்திரம் கண்டுபிடிச்சிருச்சு!" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கச் சொன்னார்.

மழை பெய்துகொண்டே இருந்தது. வாயெல்லாம் கிறீமுடன் சசி வாசலுக்கு வந்தான்.

"எங்கக்கா உன்னோட நட்சத்திரம்?"

"அந்த மேகத்துக்குப் பின்னால. ரொம்ப ரொம்பத் தூரத்துல."

சசி மேகத்தையே உற்றுப் பார்த்தான்.

"அது நகருமா?"

"நகராது. ரெண்டு தடவை பார்த்துட்டோம்."

"அப்ப அது வீடு" என்றான் சசி.