சமகுரலி

அந்த விமானத்தில் யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிட முடியாது. கூப்பிடலாம், ஆனால் காதில் விழாது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் சமகுரலி பெயரையும் பதவியையும் வாயிலிருந்து வந்ததுமே விழுங்கிவிடும். மிச்சத்தை ஆணா பெண்ணா, கிழவனா குமரனா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரே குரலில் எல்லார் காதிலும் போடும். பேசியவருக்கே தன் பேச்சு அந்தக் குரலில்தான் கேட்கும்.

ரெஜினா அந்தக் கருவியை விளையாட்டுக்குச் செய்யவில்லை. முன்பு ஒரு படைச் சரக்கு விமானம் மலையில் மோதி, உள்ளே இருந்த அத்தனை பேரும் செத்துப்போனார்கள். விபத்து விசாரணைக்காக அதன் ஒலிப்பதிவைக் கேட்டவள் அவள். மலை வருவதைத் துணை விமானி முன்னாலேயே பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? “சார், தப்பா எடுத்துக்காதீங்க சார்...” அவ்வளவுதான். அவன் மரியாதை சொல்லி முடிப்பதற்குள் மலை வந்துவிட்டது. சாவைவிட மேலதிகாரியின் முகச்சுளிப்புக்குப் பயப்படும் பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று ரெஜினாவுக்கு வயிறு எரிந்தது. மேலிடத்தில் நடையாய் நடந்து, விமானக் குழுக்களுக்கான கூட்டுப் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கினாள்.

முதல் வகுப்பிலேயே தலைமை விமானி பூவராகன் முறைத்துக்கொண்டார்.

“காலம் பூரா பறந்தவன் நான். நேத்து வந்த பையன் என்னை ஏறு, இறங்குன்னு சொல்லுவானா?”

“அவன்தான் சொன்னான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது சார். அதுக்குத்தான் இந்தக் கருவி.”

“யார் பேசினதுன்னு பதிவுலயும் இருக்காதா?”

“இருக்கக் கூடாது சார். இருந்தா எவனும் வாயைத் திறக்க மாட்டான்.”

அந்த ஒரு விதிக்காக அவள் மல்லுக்கு நின்று ஜெயித்தாள். விபத்துகள் மளமளவென்று குறைந்தன. எரிபொருள் கசிவதை யாரோ ஒருவர் தைரியமாகச் சொல்லித் தன் உயிரே தப்பிய பிறகு, பூவராகனும் வழிக்கு வந்தார். தெளிவாக ஒரு குரல் சொல்லிவிட்டால், வேறு குரல் மறுக்காத வரை அது குழுவின் முடிவு. இதுதான் பயிற்சியின் சாரம். பிறகு விசாரணை மன்றத்துக்குள்ளும் சமகுரலி நுழைந்தது. சாட்சி சொல்கிறவன் மேலதிகாரிக்கு அஞ்சக் கூடாதல்லவா? கருவி வழியாகச் சொன்னது மட்டுமே சாட்சி என்ற விதியையும் ரெஜினாவே எழுதிக் கொடுத்தாள்.

ஒரு காலை நேரத்தில் கடலுக்கு மேல் காவல் பறப்பு. பூவராகன் ஓட்டினார். ஏவுகணைப் பொத்தான் ஜமால் கையில் இருந்தது. துடிப்பான பையன், பயிற்சியில் அவளுடைய செல்ல மாணவன். பின்னிருக்கையில் பயிற்சியைப் பார்வையிட ரெஜினா இருந்தாள். கீழே ஒரு படகு எந்த அழைப்புக்கும் பதில் சொல்லாமல் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“ஆயுதம் மாதிரித் தெரிகிறது.”

“வலைக் கம்பாகவும் இருக்கலாம்.”

“நெருங்கி வருகிறது.”

“சுடு.”

யாரும் மறுக்கவில்லை. ஜமால் அழுத்தினான்.

படகில் இருந்தவர்கள் மீனவர்கள். அவர்களுடைய வானொலி கெட்டுப்போயிருந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

தரை இறங்கியதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நான் சொல்லலை மேடம்,” என்றான் ஜமால். பூவராகன் நெற்றியைத் தேய்த்தபடியே நின்றார். “நானும் சொல்லலைம்மா. சொல்லலைன்னுதான் நினைக்கிறேன். நீ சொன்னேன்னு நினைச்சுதான் சும்மா இருந்தேன்,” என்றார்.

ரெஜினா மண்டையை உடைத்துக்கொண்டாள். ‘சுடு’ என்று மனசுக்குள் ஓடியது உண்மை. அது வாய்வரை வந்ததா? தெரியவில்லை. நிறுத்து என்று சொல்லப் பயப்படுகிறவனுக்காகத்தான் அவள் கருவி செய்தாள். சுடு என்று சொல்லப் பயப்படுகிறவனுக்கும் அதே கருவி தைரியம் கொடுக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும், பாவி.

விசாரணையில் யாருக்கும் பெயர் இல்லை, பொத்தானை அழுத்திய விரலுக்கு மட்டும் இருந்தது. உத்தரவு கொடுத்தவர் இன்னார் என்று தெரியாவிட்டால், உத்தரவில்லாமல் சுட்டதாக ஜமாலுக்கு ஆயுள் சிறை. ரெஜினா முடிவு செய்துவிட்டாள். சொன்னது நானோ இல்லையோ, கருவி என்னுடையது. பழியும் என்னோடு போகட்டும், அந்தப் பையன் பிழைக்கட்டும்.

மூவரும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாயை மறைக்கும் ஒலிவாங்கியை முகத்தோடு இழுத்துக்கொண்டாள்.

“சுடச் சொன்னது ரெஜினாவாகிய நான்.”

“சுடச் சொன்னது நான்,” என்றது சமகுரலி எல்லார் காதிலும்.

ஜமால் சட்டென்று நிமிர்ந்தான். அவன் பார்த்தது பூவராகனின் கூண்டை. கண் கலங்க, நெஞ்சில் கைவைத்து அவருக்கு நன்றி சொன்னான். பூவராகன் திருதிருவென்று விழித்தார்.

“ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்,” என்றது குரல். இப்போது பேசியது மன்றம். “அவர் யார் என்று கேட்க விதியில் இடமில்லை. பெயரில்லாத உத்தரவு உத்தரவாகாது. குற்றம் உறுதியாகிறது.”

ரெஜினா காதுக் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூண்டைத் திறந்துகொண்டு ஓடினாள். “நான்தான் சார் சொன்னேன், என் பேரை எழுதிக்கோங்க,” என்று மன்றத் தலைவரின் மேசையைத் தட்டினாள்.

அவர் பரிதாபமாகப் பார்த்தார். “கருவிக்கு வெளியே சொன்னது சாட்சி ஆகாதே ரெஜினா. நீங்க எழுதின விதிதானே.”

தாழ்வாரத்தில் ஜமாலைக் கைவிலங்கோடு நடத்திப் போனார்கள். ரெஜினா குறுக்கே போய் நின்றாள்.

“பூவராகன் சார் எனக்காகத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிட்டாரு மேடம்,” என்றான் அவன். “சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.”

“பேசினது நான்தான் ஜமால். அது என் குரல்.”

பொய் சொல்லும் குழந்தையைப் பார்ப்பதுபோல அவன் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம்கூட இல்லை.

“சரிங்க மேடம்,” என்றான்.