மோனிஷா செய்யாத காக்கை

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே மழை ஈவ்லினைப் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏறினாள்.

"உள்ளே வாங்க... பேப்பர் மேல மட்டும் சொட்டாம பார்த்துக்குங்க."

கடைக்காரன் எழிலன் நிமிராமலே சொன்னான். அவன் கத்தரிக்கோலில் கறுப்புச் சார்ட் ஒன்று காக்கையாக மாறிக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்தான். மழை இறங்குமுன் மலை இருண்டு நிற்குமே... அப்படிக் கண்கள். ஈவ்லின் பார்வையைத் தாழ்த்தினாள். தாழ்த்திய இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு. 'மோனிஷா, நான்காம் வகுப்பு, கே.ஜி.கண்டிகை.'

அவளுடைய வகுப்பு. அவளுடைய மோனிஷா.

"இது யாருக்குச் செய்றீங்க?"

"ஸ்கூல் பிராஜெக்ட்டுங்க. புள்ளைங்க தானா ஒரு புக்கு எடுத்துப் படிச்சி, அதுல வர்றதை ஏதாவது செஞ்சி எடுத்தாரணுமாம். 'பெற்றோர் உதவக் கூடாது'ன்னு யாரோ மிஸ்ஸு லெட்டர் வேற எழுதிகீறாங்க. நான் பெத்தவன் இல்லியே... நான் செய்யலாம்."

"அந்த மிஸ் நான்தான்."

கத்தரிக்கோல் நின்றது.

"எத்தனை பேருக்கு?"

"ஒன்பது பேருக்கு மிஸ்."

வகுப்பில் மொத்தமே பதினான்கு பேர். ஈவ்லினுக்குக் கண் கலங்கியது. மணவூரிலிருந்து அரக்கோணத்தில் ரயில் மாறி, திருத்தணியில் பஸ் ஏறி, தினமும் அந்தச் சிறிய மிஷன் பள்ளிக்கு அவள் போய்வருவது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். வெள்ளிக்கிழமை வாசிப்பு விழா. அதைப் பார்த்துப் பெற்றோருக்கு நம்பிக்கை வந்தால் பிள்ளைகள் தங்குவார்கள். தங்காவிட்டால் ஜூனில் பள்ளி திறக்காது. நிர்வாகம் எழுத்திலேயே சொல்லிவிட்டது.

"எங்க புள்ளைங்களுக்கும் கை இருக்கு. கோணலா வெட்டுனாலும் அது அவங்க காக்கா. நீங்க வெட்டுனா அது யார் காக்கா?"

"கோபப்படாதீங்க மிஸ். மோனிஷா அம்மா ரஞ்சிதம் அக்கா அடிவாரத்துல பூக் கட்டிகினு இருக்குது. அது கோணக் காக்காவைப் பார்க்காது. பள்ளிக்கூடம்தான் கோணல்னு பார்க்கும்."

"எங்க பெத்தவங்களை எனக்குத் தெரியும்."

"ஆங்... தெரிஞ்சா சரி."

அந்த 'சரி' அவளைச் சுட்டது. மழை விடுமுன்பே இறங்கி நடந்தாள். இவன் யார் எனக்குச் சொல்ல... ஆனாலும் அந்தக் கண்கள் ஏன் பஸ் வரைக்கும் கூடவே வருகின்றன...

மறுநாளே எழிலன் ஒன்பது வீட்டுக்கும் போன் செய்தான். "மிஸ் சொல்றதுதான் நியாயம், புள்ளைங்களே செய்யட்டும்" என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். ரஞ்சிதமே இதைப் பள்ளிக்கு வந்து குறையாகச் சொன்னபோது, ஈவ்லினுக்குள் ஏதோ மெல்ல இளகியது.

வெள்ளிக்கிழமை வந்தது. பெஞ்சுகள் மேல் பிள்ளைகளின் சாமான்கள். பசை வழிந்த அட்டை வீடு, தும்பிக்கை விழுந்த யானை, ஒரு சிறகு பெரிதாக, வாயில் ஒரு கடுதாசியோடு மோனிஷாவின் காக்கை. பெற்றோர் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். யாரும் எந்தப் பிள்ளையிடமும் கதை கேட்கவில்லை.

"பிரைவேட் ஸ்கூலுக்கு வேன்ல போற புள்ளைங்க செய்றதைப் பார்த்துகீறீங்களா மிஸ்?" என்றாள் ரஞ்சிதம். "நாலு வருசம் படிச்சி என் பொண்ணுக்கு இதான் வருதா?"

ஈவ்லின் பார்வையைத் திருப்பினாள்.

கடைசிப் பெஞ்சருகே, மோனிஷாவுக்கு எதிரே, யாரோ குந்தி உட்கார்ந்திருந்தார்கள். எழிலன். தான் வெட்டாமல் விட்ட காக்கையைப் பார்க்க வந்திருந்தான்.

"கடுதாசியைக் காக்கா ஏன் பாப்பா குடுக்கல?"

"அதுல கெட்ட சேதி இருந்துச்சிண்ணா. குடுத்தா அந்த மீன்காரர் அழுவாரு."

"அப்புறம்?"

"வாயிலயே வச்சிகினு பறந்துகினு இருந்துச்சி. பசிச்சாலும் வாயைத் திறக்கல."

மோனிஷா அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தாள். ஒரு வரி விடாமல். அதைக் கேட்க அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

பொங்கலுக்குள் எட்டுப் பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். மோனிஷாவும் போனாள். மாசியில் நிர்வாகத்தின் கடிதம் வந்தது. ஆண்டிறுதியோடு பள்ளி மூடப்படும்.

காலையிலும் மாலையிலும் ஈவ்லின் அந்தக் கடையைத் தாண்டினாள். தலை திருப்பவில்லை. அவன் சொன்னதுதான் நடந்தது... எந்த முகத்தோடு போய் நிற்பது? அவன் பிள்ளைகளைச் செய்யவிட்டது தன் பேச்சைக் கேட்டுத்தானே? கேட்காமல் இருந்திருந்தால் பளபளவென்று ஒன்பது காக்கைகளும் யானைகளும்... ஒரு பள்ளிக்கூடமும் மிஞ்சியிருக்குமோ? அவனும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், 'பார்த்தீங்களா' என்று கேட்பதுபோல் ஆகிவிடுமோ என்று அவன் பயந்தது அவளுக்குத் தெரியாது.

சித்திரையில் கடைசி வேலைநாள். சாவியை ஒப்படைத்துவிட்டு, வெயிலில் நடந்து வந்து, அவள் கடைப் படி ஏறினாள்.

"வாங்க மிஸ். ஜெராக்ஸா?"

"இல்ல."

"லேமினேஷனா?"

"ஒண்ணும் வேணாம். பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. நாளையில இருந்து இந்த ஊருக்கு வர எனக்கு ஒரு காரணமும் கிடையாது."

அவன் மெஷினை நிறுத்தினான்.

"நான் செஞ்சி குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம். அதைச் சொல்லாதீங்க. மோனிஷா படிச்சாளே... நீங்க கேட்டீங்களே. நான் செஞ்சதுல மிஞ்சினது அவ்ளோதான். அதுகூட இப்ப வேன்ல ஏறிப் போயிடுச்சு."

வெளியே பள்ளிப்பட்டு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது.

"இதை நல்லா இருக்கிற ஒரு நாள்ல சொல்லணும்னு வச்சிருந்தேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "அந்த நாள் வர்ற மாதிரி தெரியல. உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்ளோதான். வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல இப்போ."

எழிலன் வெகுநேரம் அவளையே பார்த்தான். பிறகு, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான்.

"விழா அன்னைக்கு நான் கதை கேக்க மட்டும் வரல," என்றான். "உக்காரு ஈவ்லின். நாளைக்கும் வா... காரணம் இல்லாமலே வா."

அவள் உட்கார்ந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. அவன் தடுக்கவில்லை.