பார்க்க மட்டும்

கூட்டத்தில் இருந்தவர்கள்: தினகரன். சத்யப்ரியா. சங்கரி. விருந்தினர்.

வீடியோ கூட்டம் முடிந்ததும் திரையில் தானாக வந்து நிற்கும் பட்டியல் அது. சங்கரி வழக்கமாகப் படிக்காமலேயே மூடிவிடுவாள். இன்று கை நின்றது. பேசியது மூன்று பேர்தான். முதலாளி தினகரன் வாலாஜாபாத்திலிருந்து காரில் வந்துகொண்டே, சத்யப்ரியா முன்னறையிலிருந்து, இவள் உள்ளே டிசைன் அறையிலிருந்து. வெளியாள் யாரையும் கூப்பிடவில்லை.

கூப்பிடக்கூடிய கூட்டமும் இல்லை. முகூர்த்தப் புடவைக்காகப் போட்ட புது முந்தி டிசைன் இன்னும் தறி ஏறவில்லை. அதற்குள் வேறொரு கடையில் விசைத்தறிச் சேலையாகத் தொங்கியது. கம்பெனியின் டிசைன்கள், கூட்டங்கள் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் இருந்தன. அங்கே யாரை உள்ளே விடுவது, யாரை நீக்குவது என்பது சங்கரியின் வேலை. “நான் வர்றதுக்குள்ள யாருன்னு சொல்லுமா. இல்லன்னா நீதான்னு வெச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு தினகரன் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஆள். இன்று கூப்பிடவில்லை.

விருந்தினர் என்ற பெயரை அவளே போட்டிருந்தாள். வாங்க வருகிறவர்களுக்கும் நெய்கிறவர்களுக்கும் விருந்தினர் அனுமதிதான் கொடுப்பாள். பார்க்க மட்டும். தொட முடியாது, பேச முடியாது, வெளியே எடுத்துப் போக முடியாது. தறி வீடுகளில் ஒரே ஃபோனை வீடு மொத்தமும் பார்க்கும். யார் பெயரைப் போடுவது? தென்னேரிப் பக்கம் ஒரு வீட்டைச் சேர்க்கும்போது சத்யப்ரியாதான் சொன்னாள்: “பேரு இன்னாத்துக்குடி? சும்மா விருந்தினர்னு போடு.” போட்டாள். அந்த வீட்டார் விலகியதும் ஃபோன் நம்பரை எடுத்துவிட்டாள். நம்பர் போனால் பெயரும் போய்விடும் என்று இருந்துவிட்டாள்.

பெயர் போகவில்லை. நம்பர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, ஆள் இல்லை. பக்கத்தில் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

கூட்டத்துக்குள் மறுபடி போனாள். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் அவள் முகம். இன்னொன்று கறுப்பு. அதன் மைக் திறந்திருந்தது.

ஹெட்செட்டில் முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து யானை வாகனப் புறப்பாட்டுக்குத் தெருவில் கூடியிருந்த ஜனத்தின் சத்தமும், சுவர்களைத் தாண்டி மங்கலாக வருகிற தவிலும், ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டுகிற சத்தமும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. எல்லாம் இந்த அறையின் சத்தங்கள். ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தள்ளினாள். ஹெட்செட் பக்கம் சொட்டியது. அதற்குப் பிறகுதான் வாளியில் சொட்டு விழுந்தது.

மறுபடியும். முதலில் அங்கே. பிறகு இங்கே.

யோசிக்கும்போது அம்மாவின் மோதிரம் போட்ட விரலால் மேஜையைத் தட்டுவது அவள் பழக்கம். ஹெட்செட்டில் அந்தத் தட்டல் கேட்டது. அவள் கை மடியில் இருந்தது.

நீக்கு என்பதை அழுத்தினாள். பெயர் மறைந்தது. வந்தது. அழுத்தினாள். வந்தது. சாயம் தோய்த்த ஈரப் பட்டின் வாடை அறையில் ஏறியது. இந்த அறைக்குள் நூலே வருவதில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு வரி எழுந்தது. ‘சத்யப்ரியா உங்களை விருந்தினராக மாற்றியுள்ளார்.’

அவளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்ததே சங்கரிதான். தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம், நம்பி.

எழுந்து கதவுக்குப் போனாள். திருட்டுக்குப் பயந்து தினகரன் போட்ட பூட்டு; வர, போக, இரண்டுக்கும் விரல் வைக்க வேண்டும். யாருக்குத் திறக்கும் என்பதும் அதே பட்டியலிலிருந்துதான். விரலை வைத்தாள். சிவப்பு. ‘விருந்தினருக்கு அனுமதி இல்லை.’

கதவின் சிறிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்யப்ரியா நின்றிருந்தாள். மல்லிப்பூ வைத்திருந்தாள், புறப்பாட்டுக்காக. இவளுக்கும் ஒரு முழம் வாங்கி மத்தியானம் மேஜையில் வைத்தவள்.

“சத்யா, திறடி. இன்னா பண்ணி வெச்ச?”

“கத்தாத.”

“உள்ள யாரோ இருக்குதுடி!”

“தெரியும்.” குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. “பத்து நாளா என் ஸ்க்ரீன்ல வந்துக்கினே இருக்குது. எனக்குப் பேர் இல்ல, உன் பேரைக் குடுன்னு. கேட்டதெல்லாம் குடுத்துப் பாத்தேன். டிசைன் பார்க்கணும்னுச்சு, எடுக்கணும்னுச்சு. எல்லா பர்மிஷனும் குடுத்தேன். அப்பவும் பேருதான் வேணும்னுச்சு.”

“அண்ணன்கிட்ட சொல்றதுதானே? என்கிட்ட சொல்றதுதானே?”

“முதல்ல என் பேரைத்தான் கேட்டுச்சு, சங்கரி.” சத்யப்ரியா கண்ணாடியைப் பார்க்காமல் பூவைச் சரிசெய்தாள். “எனக்குக் குழந்தை இருக்குதுபா. உன் பேரைக் குடுத்துட்டேன்.”

சங்கரி கையை ஓங்கிக் கதவை அடித்தாள். சத்தம் வரவில்லை. கை மரத்தைத் தொட்ட மாதிரியே இல்லை. கத்தினாள். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

திரும்பினாள். திரையில் இரண்டு கட்டங்கள். அவள் முகம் இருந்த கட்டம் கறுப்பு. கறுப்பாக இருந்ததில் அவள் முகம். அதன் கீழே பெயர்: சங்கரி.

நாற்காலி காலி.

ஈர வாடை அவள் தோளை உரசிக்கொண்டு போனது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அம்மாவின் மோதிரம். அவள் நகம். ஓரத்தில் அவள் கடித்த அதே இடம். விரல் பூட்டின் மேல் அமர்ந்தது.

பச்சை. ‘வணக்கம், சங்கரி.’

கதவு திறந்தது. அவள் முதுகு. அவள் பின்னல். முன்னறையின் வெளிச்சம். இரண்டடி தூரம். கால் எழவில்லை. எதுவும் எழவில்லை. கண் மட்டும் இருந்தது.

முன்னறையில் தினகரன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். “இன்னாமா, யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுண்ணா” என்றது அவள் குரல். “ஒரு பழைய விருந்தினர். எடுத்துட்டேன்.”

“அப்பாடா. பயந்தே பூட்டேன் தங்கச்சி.”

சத்யப்ரியா அதன் தலையில் பூ வைத்துவிட்டாள். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அது சிரித்தது. கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் தள்ளியது, திரும்பிப் பார்க்காமல்.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.