அணைத்த கேபிளின் சூடு

"எங்கப்பாவோட வலது கையைக் குடுங்க."

கேட்கவே கூடாது என்று அம்மா பதினோரு வருஷமாகச் சொல்லிவந்ததை அவள் கேட்டேவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பதினாலு மாடிக் குடியிருப்பின் பாதாள அறையில், கேபிள் குழிக்குள் மண்டியிட்டிருந்த சித்தப்பாவின் பிடரியைப் பார்த்துக் கேட்டாள். கூடப் பிறந்த சித்தப்பா இல்லை. அப்பாவோடு இருபது வருஷம் ஜோடியாகக் கேபிள்களை இணைத்து ஜாயிண்ட் போட்டவர்.

அவர் திரும்பவில்லை. கையிலிருந்த டார்ச் மட்டும் ஒருமுறை ஆடி நின்றது.

"என்ன பாப்பா பேசுற?"

"பெட்டியில அப்பாவக் கொண்டுவந்து வச்சப்ப ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருந்தீங்க. இடது பக்கத் துணிக்குள்ள கை இருந்துச்சு. வலது பக்கம் வெறும் துணி. நான் அமுக்கிப் பார்த்தேன் சித்தப்பா. அப்ப எனக்குப் பதிமூணு வயசுதான், ஆனா பைத்தியமில்ல."

"அம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"அம்மா வாயைப் பொத்தச் சொன்னாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு இந்தக் குழிய கான்கிரீட் போட்டு மூடுறாங்க. அப்புறம் நான் யார்கிட்டப் போயி கேக்குறது, சுவர்கிட்டயா?"

அவர் டேப் சுருளை எடுத்து நுனி தேடினார். இருந்த நுனியையே நகத்தால் திரும்பத் திரும்பச் சுரண்டினார்.

கட்டடத்தின் மின்சாரமெல்லாம் அந்தக் குழி வழியாகத்தான் போய்வந்தது. தெருவிலிருந்து வரும் தொடை கனமுள்ள கேபிள், சுவரில் பதித்த அகலமான குழாய் வழியாக உள்ளே நுழைந்து, குழிக்குள் கட்டடத்துக் கேபிளோடு சேரும். சேரும் இடத்தில் கறுப்பு ரெசின் ஊற்றி இறுகவிட்ட ஒரு கட்டி, படுத்திருக்கும் நாய் அளவுக்கு. அப்பா கடைசியாகக் கை வைத்த ஜாயிண்ட் அதுதான். புது கேபிள் இன்று வேறு வழியாகப் போகிறது. பழையதை இருபுறமும் வெட்டி அப்படியே புதைத்துவிடச் சொல்லி உத்தரவு. உத்தரவில் பொறியாளர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்து அவளுடையது. அவள் வீட்டில் யாரும் வாங்காத டிகிரியை அவள் வாங்கியதே இந்தக் குழிக்குள் இறங்கத்தான். வாழ்த்துச் சொன்ன சொந்தக்காரர்களுக்கு அது தெரியாது. படிச்ச திமிர் என்று சொன்னவர்களுக்கும் தெரியாது.

குனிந்து ஜாயிண்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

கொதிக்கவில்லை. வெதுவெதுப்பு. தூங்குகிற மனுஷனின் விலாவில் கை வைத்தது போல. பக்கத்தில் கிடந்த மற்ற கேபிள்கள் ஈரச் சுவரைப்போலச் சில்லிட்டிருந்தன. சப்ளையை நிறுத்தி நாலு மணி நேரமாகிறது. யாரும் சப்ளையைப் போட்டுவிடாதபடி மேலே பிரேக்கரில் தொங்குவது அவள் பூட்டு. சாவி அவள் பையில். வேறு சாவி கிடையாது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தாள். ஒன்றுமில்லை.

"இது ஏன் சுடுது?"

"அது எப்பவும் அப்படித்தான்," என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி. "ஊர்ல எல்லா ஜாயிண்ட்டும் ஒரு தடவையாவது வெடிச்சிருக்கு. இது வெடிச்சதே இல்ல."

அப்போதுதான் வாசனை வந்தது. பழைய ரெசின் நெடி, எலிப் புழுக்கை, ஊறிய சிமெண்ட், இவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து மெல்லக் கசிந்து, யாரோ ஒரு கதவைத் திறந்து விட்டதுபோல மண்ணெண்ணெயும் துணி சோப்பும் கலந்த மணம். வேலை முடிந்து வந்ததும் கொல்லைக் குழாயடியில் குந்தி, விரல் விரலாகக் கறுப்பைத் தேய்த்துக் கழுவுவார் அப்பா. அப்படியும் போகாது. அந்தக் கையோடுதான் சாப்பிட உட்காருவார். அழுவதற்காக அவள் இங்கே வரவில்லை.

டொக். டொக்.

இருவரும் அசையவில்லை.

"பைப்புல தண்ணி ஓடுது," என்றார் சித்தப்பா.

"இந்தச் சுவத்துல தண்ணி பைப்பே இல்ல. ட்ராயிங் என் பையில இருக்கு, காட்டவா?"

டொக். டொக்.

ஜாயிண்ட் போடுகிறவர்களின் பேச்சு அது. குழிக்குள் போன் எடுக்காது. உள்ளே இருப்பவன் சுத்தியலால் கேபிளைத் தட்டுவான், மேலே பிரேக்கர் பக்கத்தில் இருப்பவன் காதை வைத்துக் கேட்பான். ஒரு தட்டு: முடிந்தது, சப்ளை கொடு. இரண்டு தட்டு: பொறு.

"அன்னைக்கு எத்தனை தட்டு கேட்டுச்சு சித்தப்பா?"

அவர் குழியின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் ஒரேயடியாக வயதாகிவிட்டது.

"ரிப்போர்ட்ல..."

"ரிப்போர்ட்ட நான் மனப்பாடம் பண்ணியிருக்கேன். அவரே பூட்டை எடுத்து சப்ளையப் போட்டுட்டு, அவரே மறந்துபோய் மறுபடி குழியில இறங்கினாராம். எங்கப்பா என் டிபன் பாக்ஸ் மூடியக்கூட மூணு தடவ அமுக்கிப் பார்ப்பாரு. எத்தனை தட்டு?"

"லிஃப்ட்ல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மாட்டிக்கிச்சு. எல்லாரும் என் சட்டையப் பிடிச்சாங்க. அண்ணன் பூட்டுக்கு என்கிட்ட இன்னொரு சாவி இருந்துச்சும்மா. அவரே குடுத்தது. 'நான் மறந்து சாவியோட வீட்டுக்குப் போயிட்டா நீ என்னடா பண்ணுவ, பிரேக்கர நக்குவியா'ன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு." மூக்கைப் புறங்கையால் துடைத்தார். "ரெண்டு கேட்டுச்சு. ரெண்டுதான். நான் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒண்ணா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்."

"கை?"

"செம்போட ஒட்டிப்போச்சு. பிரிக்க வரல. அதோடயே ஊத்தி மூடிட்டேன்."

அவள் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உளியை எடுத்தாள்.

ரெசின் சில்லு சில்லாகத் தெறித்தது. ஒவ்வோர் அடிக்கும் வெதுவெதுப்பு கூடியது. உள்ளே போகப் போக அது ரெசின் மாதிரி உடையவில்லை. காய்ந்த புண்ணின் பக்கு மாதிரி உரிந்தது. சித்தப்பா "வேணாம்மா, வேணாம்மா" என்று முனகிக்கொண்டே டார்ச்சைப் பிடித்தார்.

முதலில் நகங்கள் தெரிந்தன.

வளர்ந்திருந்தன. பதினோரு வருஷ நகம். ரெசினுக்குள் சுருண்டு சுருண்டு, வழி தேடி.

பிறகு விரல்கள். கருகவில்லை. சுருங்கவில்லை. மோதிர விரலில் அப்பாவின் பழைய வெட்டுத் தழும்பு. உள்ளங்கையில் வியர்வை.

மணிக்கட்டில், கேபிள் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு செம்புக் குழல். அதன் மேல் வரிசையாக ஆறு அழுத்துத் தடம், நூல் பிடித்தது போல. குழலுக்கு அந்தப் பக்கம் கேபிளின் செம்பு இழைகள். இந்தப் பக்கம் நரம்பு. எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. சுத்தமான ஜாயிண்ட்.

"நான் போடல," என்றார் சித்தப்பா. "நான் மூடுறப்ப இது இப்படி இல்ல. சத்தியமா நான் போடல."

ஆள்காட்டி விரல் உயர்ந்தது. ரெசினில் இறங்கியது.

டொக். டொக்.

"அப்பா," என்றாள் அவள். பதினோரு வருஷம் கழித்து அந்தச் சொல்லுக்கு ஒரு ஆள் இருந்தது. "நான்தான். சப்ளை இல்லப்பா. யாரும் போட மாட்டாங்க."

விரல் நின்றது.

அவள் தன் கையை உள்ளே விட்டாள். அது தடவியது. ஒவ்வொரு விரலாக, அளவெடுப்பது போல. நகம் கீறியது. அப்புறம் பிடித்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி கைப்பிடியில் சாய்ந்து கத்தினார். "என்னம்மா, மூணே முக்கால் ஆச்சு! வயசானவங்க படியேறி சாகுறாங்க. நாலு மணிக்குக் கரண்ட் வருமா வராதா?"

"வராது," என்றாள்.

"வராதுன்னா? இன்னைக்கா?"

"வராதுன்னா வராது."

எழுந்தாள். கை கூடவே வந்தது. செம்பு இழைகள் கேபிளுக்குள்ளிருந்து குடல்போல வழவழவென்று உருவிக்கொண்டு பின்னால் வந்தன. உளியைக் கீழே போட்டாள். வெட்டவில்லை. வெட்டுவதாக இல்லை. இந்தக் கையோடு வீட்டு வாசலில் அம்மா முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

"பாப்பா, அத விடும்மா," என்றார் சித்தப்பா. "விட்டுரு."

முதல் படி. இரண்டாவது படி. செகரட்டரி அவள் கையைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டார். மேலே மதிய வெயில் ஒரு சதுரமாக விழுந்து கிடந்தது.

ஐந்தாவது படியில் இழைகள் விறைத்தன. கனத்தது. அவள் இழுத்தாள். கீழே, தெருப்பக்கம் போகும் குழாய்க்குள் ஏதோ உரசியது. நகர்ந்தது. மாட்டியது.

சித்தப்பா அலறத் தொடங்கினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிடியை இறுக்கிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள். பின்னால், குழாயின் வாயில், ஒரு தோள் இடித்து நின்றது. சாய்ந்தது. குழிக்குள் நுழைந்தது.