பயிற்சிப் பிணம்

செல்போன் அலறியது.

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த தமார், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் காதில் வைத்தான்.

"தமார்... நீதானா பேசறே?" என்றாள் லாரஸ்.

"வேற யாரு?"

"நீ செத்துட்டியாம்டா."

தமார் தன் விரல்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன.

"இல்லையே..."

"ஜன்னலைத் திற."

திறந்தான்.

யோக்யகர்த்தா நகரின் அந்தக் குறுகலான சந்து முனையில் வெள்ளைக் கொடி பறந்தது.

சாவு வீட்டுக் கொடி.

நான்கு இளைஞர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் சீக்கிரமாகவே வந்துவிட்டன. சாவுச் செய்தி போன மறுநிமிடம் நாற்காலிக்காரருக்கும் தகவல் போகும்படி பேட்டையின் இணையதளத்தை அமைத்தவனே தமார்தான். சம்பளம் இல்லாத வேலை. தொண்டு. அந்தப் பகுதி சரியாக வேலை செய்யுமா என்று அவனுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இப்போது தீர்ந்துவிட்டது.

பின்வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

லாரஸ் உள்ளே பாய்ந்தாள். தளத்தை நடத்துவதில் அவனுக்குக் கூட்டாளி. அவள் பின்னால் பேட்டைத் தலைவர் பாக் சுத்ரிஸ்; 'பாக்' என்றால் அங்கே ஐயா. கறுப்புத் தொப்பி, துக்க முகம்.

தமாரைப் பார்த்ததும் தலைவர் இரண்டடி பின்வாங்கினார்.

"லாரஸ்... இது உசிரோடவா இருக்கு?"

"'இது'ன்னு சொல்லாதீங்க பாக்," என்றான் தமார்.

"குழி வெட்ட ஆள் அனுப்பிட்டேனேப்பா."

"நிறுத்தச் சொல்லுங்க."

"பாதி வெட்டியிருப்பாங்க. நல்ல இடம், மர நிழல்... வீணாப் போகுமே."

"பாக்..."

"சரி, சரி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

லாரஸ் மடிக்கணினியைப் பிடுங்கினாள். "முதல்ல உன்னைக் கொன்னது யாருன்னு பார்ப்போம்."

திரையில் வரிகள் ஓடின. சாவுச் செய்தி ஒரு செல்போனிலிருந்து கிளம்பியிருந்தது.

அந்தச் செல்போனின் சொந்தக்காரி... இபு வார்த்தி!

எதிர்ச் சந்தில் தையற்கடை வைத்திருப்பவள்; 'இபு' என்றால் அம்மா. பேட்டைக் கூடத்தில் தமார் நடத்தும் இலவசக் கணினி வகுப்பில் முதல் வரிசை.

லாரஸ் அவளைப் பின்வாசல் வழியாக இழுத்து வந்தாள். கையில் சமையல் கரண்டி. கண்களில் நீர். தமாரைக் கண்டதும் நீர் நின்றது. கரண்டி அவன் தோளில் இறங்கியது.

"உசிரோட இருக்கறவனோட சாவுச் சமையலுக்கா நான் இவ்வளவு தேங்காய் துருவினேன்?"

"இபு... நீங்கதான் என்னைச் சாகடிச்சீங்க."

"நீதானேப்பா சொன்னே? 'இது பயிற்சித் தளம் இபு, என்ன வேணும்னாலும் எழுதுங்க, என்னையே சாகடிச்சாலும் ஒண்ணும் ஆகாது'ன்னு. வீட்டுப்பாடம் வேற கொடுத்தே. செஞ்சேன். கொஞ்ச நேரத்துல நீ செத்த செய்தி வந்துச்சு, நிஜம்னு நம்பிட்டேன்."

"பயிற்சித் தளத்துலதான் செஞ்சீங்களா?"

"மேல சிவப்புப் பட்டை இருக்கறதுதானே?"

அதேதான்.

தமாரின் முகம் வெளிறியது.

அசல் தளத்தை அப்படியே பிரதி எடுத்துத்தான் பயிற்சித் தளத்தை உருவாக்கியிருந்தான். நிறத்தை மாற்றினான். பெயரை மாற்றினான். சிவப்புப் பட்டை போட்டான். செய்தி போய்ச் சேரும் செல்போன் எண்களை மட்டும்...

அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

எல்லாம் அசல் எண்கள். அசல் மனிதர்கள்.

"கொலைகாரனும் நீ, பிணமும் நீ," என்றாள் லாரஸ். "ஒரே ஆள். விசாரணை முடிஞ்சுது."

"நான் மைக்ல சொல்லிடறேன்," என்று தலைவர் கிளம்பினார்.

அப்போது வெளியே ஒரு கார் வந்து நின்றது.

ஜன்னல் வழியே பார்த்த தமாருக்கு நிஜமாகவே உயிர் போனது போலிருந்தது.

"ஐயோ... பாக் ஹர்தோனோ. என் முதலாளி."

"வரட்டுமே?"

"வயித்துப்போக்கு, எழுந்திருக்கவே முடியலன்னு காலையில லீவு சொன்னேன்."

"நிஜமாவே வயித்துப்போக்கா?"

"இல்ல. எந்தத் தெருவுல நல்ல சோயாத் தெம்பே வறுவல் கிடைக்கும்னு சொல்ற தளம் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன். பொழுதுபோக்குக்கு. ஆபீஸ் நாள்ல இன்னொரு தடவை சொந்த வேலை பார்த்தா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு போன மாசமே சொல்லிட்டார். என்னை இப்படிப் பார்த்தா வேலை போச்சு."

"அவர் நம்பர் எப்படி நம்ம பேட்டைத் தளத்துல?"

"ஆரம்பத்துல ஆள் கம்மியா இருந்துச்சு... ஆபீஸ்ல எல்லாரையும் சேர்த்துவிட்டேன்."

லாரஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

ஓட நேரமில்லை. லாரஸ் அவனைக் கட்டிலில் தள்ளி, மேலே ஒரு பாத்திக் துணியைத் தலையோடு போர்த்தினாள்.

"மூச்சு விடாதே."

ஹர்தோனோ உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தோளில் ஒரு பை.

"நல்ல பையன்... கொஞ்ச நேரம் நான் இவன்கூடத் தனியா இருக்கலாமா? மனசு கேக்கல."

மற்றவர்கள் வெளியேறினார்கள்.

கதவு சாத்தப்பட்டது.

தாழ்ப்பாள் விழுந்தது.

துணிக்கடியில் தமார் காதைத் தீட்டிக்கொண்டான். தாழ்ப்பாள் எதற்கு?

சர்ர்ர்... பையின் ஜிப் திறந்தது.

ஏதோ கனமான பொருள் கட்டிலில் வைக்கப்பட்டது. சில்லென்ற ஒரு கை துணிக்கடியில் நுழைந்து, அவன் கட்டை விரலைப் பிடித்தது...

"மன்னிச்சிடுப்பா தமார்," என்று கிசுகிசுத்தார் ஹர்தோனோ. "அந்த ஹோட்டல்காரன் தளம் படுத்துடுச்சு. போன் மேல போன். உன் ஆபீஸ் கணினி உன் விரல் வச்சாதானே திறக்கும்?"

விரல் அழுத்தப்பட்டது.

டிங்.

"திறந்துடுச்சு... விரல் இன்னும் சூடாவே இருக்கு. பாவம்."

தட்டச்சுச் சத்தம். முனகல். மறுபடி தட்டச்சு.

"என்ன கேக்குது இது... 'முன்பதிவுகள் எல்லாத்தையும் அழிக்கவா?' அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிச்சா சரியாயிடும்போல. ஆமாம்னு அழுத்துவோம்..."

துணிக்கடியில் தமாருக்கு வியர்த்தது.

பேசாமல் கிடந்தால் வேலை தப்பும். ஹோட்டல் போகும். விடுமுறைக்கு அறை பதிந்த அத்தனை குடும்பங்களும் பெட்டியோடு தெருவில் நிற்கும்.

பேசினால் ஹோட்டல் தப்பும். வேலை போகும்.

பேசாமல்தான் கிடக்க நினைத்தான். வாய் கேட்கவில்லை.

"பாக்... அதை அழுத்தாதீங்க."

ஹர்தோனோவின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

"ஏன்?" என்றார் ஹர்தோனோ, திரையைப் பார்த்தபடியே.

"அது அசல் தளம். போனா திரும்ப வராது."

"ஓ. சரி."

விரலை எடுத்தார்.

பிறகுதான் மெல்லத் திரும்பி, துணியைப் பார்த்தார்.

"தமார்?"

"சொல்லுங்க பாக்."

"நீ செத்துட்டே."

"வயித்துப்போக்குதான் பாக்."

ஹர்தோனோ துணியை விலக்கினார். முகம் முதலில் வெள்ளையானது. அப்புறம் சிவப்பானது.

"பொய் லீவா? திங்கட்கிழமை உன் சீட்டு கிழியுது."

தமார் எழுந்து உட்கார்ந்தான்.

"கிழிங்க பாக். ஆனா வெளிய பேட்டையே உட்கார்ந்திருக்கு. கதவைத் தாழ் போட்டுட்டுப் பிணத்தோட விரலை எதுக்குப் பிடிச்சீங்கன்னு கேப்பாங்களே... நான் என்ன சொல்லட்டும்?"

ஹர்தோனோ தாழ்ப்பாளைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். கடைசியாகத் தன் கையைப் பார்த்தார்.

"...திங்கட்கிழமை கொஞ்சம் லேட்டாவே வாப்பா. உடம்பு முக்கியம்."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். கூட்டம் வாயைப் பிளந்தது. தலைவர் மைக்கில் விஷயத்தை விளக்கினார். விளக்கிய பிறகும் மைக்கை விட அவருக்கு மனமில்லை.

"அடக்கத்துக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி. இவ்வளவு பேர் வந்துட்டீங்க, கேட்டுடறேன். தமார் நல்லவரா?"

"நல்லவர்," என்றது கூட்டம்.

"ரொம்ப நல்லவர்," என்றார் ஹர்தோனோ, எல்லோரையும் விடச் சத்தமாக.

அப்போது அவருடைய செல்போன் அலறியது.

"என்னம்மா?"

மறுமுனையில் அவர் மனைவியின் விம்மல் பக்கத்திலிருந்த தமாருக்கே கேட்டது.

"ஏங்க... நீங்க செத்துட்டீங்களாமே? உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் செய்தி வந்திருக்காம்..."

தமார் மெதுவாகத் திரும்பினான்.

நாற்காலி வரிசையில் இபு வார்த்தி. கையில் செல்போன். திரையின் மேலே சிவப்புப் பட்டை.

"நீ சரி பண்ணியிருப்பேன்னு இன்னொரு தடவை செஞ்சு பார்த்தேன் தம்பி. உன் பேரைப் போட்டா நீ வருத்தப்படறே. அதான் கார்ல வந்தவர் பேரைப் போட்டேன்."

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து, பாக் சுத்ரிஸ் மைக்கைத் தட்டினார்.

"மடக்காதீங்கப்பா... வண்டியில அப்படியே ஏத்துங்க. அட்ரஸ்தான் மாறியிருக்கு."